சுவிஸில் ஒரு நாள் மலைப்பயணம்: யுங்ஃபிராவ்யோஹா, திற்லிஸா, ரிகியா?

இரணைமடு வாசகன் (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற செப்டெம்பர் நடுப்பகுதியில் அம்மா, அப்பா, ஒன்பது வயது மகள் ஆகியோருடன் பேர்ண் நகரில் இருக்கும் தம்பியின் வீட்டுக்குச் செல்ல விசா கிடைத்திருக்கிறது. தம்பி உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறான். வார இறுதியில் அவனுக்கு ஓய்வில்லை. வாரநாளொன்றில் ஒரேயொரு நாளைத்தான் எங்களை மலைக்குக் கூட்டிச் செல்ல ஒதுக்க முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். அந்த ஒரு நாளை எந்த மலைக்குக் கொடுப்பது என்பதில்தான் வீட்டில் பேச்சு முடிகிறபாடாக இல்லை.

ஊரிலிருந்து வருகிற எல்லோரும் பார்க்கும் இடம் யுங்ஃபிராவ்யோஹ், அதைப் பார்க்காமல் திரும்பினால் வந்ததாகவே கணக்கில்லை என்கிறான் தம்பி. லுசேர்னில் இருக்கும் சித்தியின் மகள் திற்லிஸ் என்கிறாள். கடந்த ஆண்டு போய்வந்த பக்கத்து வீட்டு வாத்தியாரோ, ரிகி தாராளமாகப் போதும், மிச்சக் காசில் பிள்ளைக்கு ஒரு நல்ல குளிர்ச்சட்டை வாங்கிக் கொடுங்கள் என்கிறார்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. குருதி அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அப்பாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சமதரையிலும் படிகளிலும் துணையில்லாமல் நடப்பார், சரிவில் இறங்கும்போது மட்டும் யாராவது ஒருவரின் தோள் வேண்டும். மகளுக்கு ஒரே ஆசை, பனியைக் கையில் அள்ள வேண்டும். நாங்கள் எவரும் நுவரெலியாவுக்கு மேல் ஏறியதில்லை. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு உயரம் என்றால் குளக்கட்டுத்தானே. செலவைத் தம்பி ஏற்பதாகச் சொன்னாலும், அவன் அடுப்படியில் நின்று உழைக்கும் காசு என்பதால் அதையும் மனத்தில் வைத்தே முடிவெடுக்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மல்லாவியூரான் (துன்)

வணக்கம் தம்பி. முதலில் உயரங்களை நமக்குத் தெரிந்த இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. ரிகியின் உச்சியோ 1,798 மீற்றர்தான். அதாவது உங்கள் அம்மா ஏற்கெனவே ரிகியைவிட உயரமான இடத்தில் தேநீர் குடித்திருக்கிறார். லுசேர்னுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிலாத்துஸ் 2,128 மீற்றர், நமது சிவனொளிபாத மலையைவிடச் சற்றுக் குறைவு. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான் என்னும்போது, திற்லிஸின் மேல்நிலையம் ஏறத்தாழ 3,020 மீற்றரிலும் யுங்ஃபிராவ்யோஹ் நிலையம் 3,454 மீற்றரிலும் இருப்பது எவ்வளவு பெரிய தாவல் என்பது விளங்கும்.

மகளின் ஆசைதான் உங்கள் முடிவை உண்மையில் இறுக்குகிறது. செப்டெம்பர் மாதத்தில் காலடியில் பனி நிச்சயமாக வேண்டுமென்றால் மூவாயிரம் மீற்றரை அண்டிய, பனியாறு உள்ள மலைக்குத்தான் போக வேண்டும். ரிகியிலும் பிலாத்துஸிலும் அப்போது பச்சைப் புல்லும் மாட்டு மணியோசையுமே இருக்கும். பனிமலைகளைத் தூரத்தில் வரிசையாகப் பார்க்கலாமே தவிர, தொட முடியாது. பனி வேண்டுமா, அல்லது பனிமலைகளின் காட்சி போதுமா என்பதை மகளிடம் அல்ல, முதலில் அம்மாவின் வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கே இருப்பவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். எந்த மலையானாலும், அன்றைய வானம் மூடியிருந்தால் நீங்கள் காணப்போவது வெள்ளைச் சுவர் மட்டுமே. மலை நிறுவனங்கள் எல்லாம் உச்சியில் கமரா பொருத்தி இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. காலையில் எழுந்ததும் அதைப் பார்த்த பின்னரே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். பேர்ணில் மழை பெய்தால் மலையிலும் மழைதான் என்று நினைத்துவிடாதீர்கள். இலையுதிர் காலத்தில் கீழே மூடுபனி அடைத்துக்கொண்டிருக்க, மேலே சுள்ளென்று வெயில் அடிக்கும் நாட்கள் பல. செப்டெம்பரில் கோடையின் பிற்பகல் இடிமழை பெருமளவு அடங்கியிருக்கும் என்பதால், நீங்கள் தெரிந்தெடுத்த மாதம் நல்ல மாதம். வாரநாள் என்பதும் நல்லதே, கூட்டம் குறையும்.

ஓய்வுபெற்ற தாதி (வவுனியா)

தம்பி, மகள் சூரிச்சில் வசிப்பதால் இந்த மலைகளில் சிலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். நீண்ட காலம் தாதியாக இருந்தவள் என்பதால் அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விமானம் பறக்கும்போது அதன் உட்புறக் காற்றழுத்தம், தரையிலிருந்து ஏறத்தாழ 2,400 மீற்றர் வரையான உயரத்தில் இருப்பதற்கு ஒப்பாகவே பேணப்படுகிறது. ஆகவே அம்மா கொழும்பிலிருந்து மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இல்லாமல் பறந்து வந்து சேர்ந்தால், ரிகியையும் பிலாத்துஸையும் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. அதற்கு மேலேதான் கணக்கு மாறுகிறது. யுங்ஃபிராவ்யோஹின் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதுவும், நடந்து ஏறுபவருக்கு உடல் மெல்ல மெல்லப் பழகுவதுபோல் அல்லாமல், இரண்டு மணி நேரத்துக்குள் புகையிரதம் உங்களை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

குருதி அழுத்தம் மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஓரிரு மணி நேரத்தை அங்கே சிரமமின்றிக் கழித்துவிடுகிறார்கள். ஆயினும் அண்மையில் மாரடைப்பு வந்தவர், படியேறினால் நெஞ்சை அடைப்பவர், நாட்பட்ட சுவாச நோயுள்ளவர், இரத்தச்சோகை கூடியவர் ஆகியோர் வைத்தியரின் சொல்லின்றி அவ்வளவு உயரத்துக்குப் போகக் கூடாது. புறப்படுமுன் கிளிநொச்சியிலேயே கிளினிக்கில் உயரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "வெளிநாடு போகிறோம்" என்று மட்டும் சொன்னால் விமானப் பயணத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள். இரண்டு மாடி படியை நிற்காமல் ஏறி அம்மாவால் பேச முடிகிறதா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

நம்மூர் அம்மாமார் பயணநாளில் வழமையாகச் செய்யும் ஒரு காரியம், வழியில் மலசலகூடம் தேட வேண்டி வரும் என்று நீர் மாத்திரையை விழுங்காமல் விடுவதும், தண்ணீரே குடிக்காமல் இருப்பதும். இரண்டையும் அனுமதிக்காதீர்கள். இந்த மலை நிலையங்கள் எல்லாவற்றிலும் சுத்தமான கழிப்பறை இருக்கிறது.

மேலே போய் இறங்கியதும் முதற் பத்து நிமிடங்கள்தான் கவனிக்க வேண்டியவை. புகையிரதக் கதவு திறந்தவுடன் கூட்டம் முழுவதும் மின்தூக்கியை நோக்கி விரையும். நமது முதியவர்கள் பிள்ளைகளைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பின்னாலேயே ஓடுவார்கள். நடைவழியின் பாதியில் ஒரு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையை மட்டும் அசைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவரை உட்கார வைத்து, கால் மணி நேரம் பேசாமல் இருக்கச் சொன்னதும் சரியாகிவிட்டார். கூட்டத்தைப் போக விட்டு, கடைசியாக நடங்கள். தலையிடி கூடினாலோ, குமட்டினாலோ, தடுமாறினாலோ, படம் எடுத்து முடியட்டும் என்று காத்திராமல் அடுத்த வண்டியில் கீழே இறங்குங்கள், இறங்குவதுதான் மருந்து.

அக்கராயன் மைந்தன் (பேர்ண்)

மேலே எழுதியவர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை, ஆனாலும் யுங்ஃபிராவ்யோஹை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாழ்நாளில் ஒருமுறை வருகிறவர்களுக்கு, ஐகர், மோன்ஹ் ஆகிய மலைகளின் வயிற்றுக்குள் ஏழு கிலோமீற்றருக்கு மேல் குடைந்து போட்ட பாதையில் ஏறிச் சென்று, அல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெச்சை மேலிருந்து பார்ப்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. 1896இல் தொடங்கிய அந்தப் பாதை 1912இல்தான் முடிந்தது. அதைக் கனவு கண்ட அடோல்ஃப் குயர் செல்லர் 1899இலேயே இறந்துவிட்டார். இருபது கிலோமீற்றருக்கு மேல் நீளும் பனியாறும் அதைச் சூழ்ந்த பகுதியும் 2001 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தச் சுரங்கமே பேச்சுக்குப் போதும்.

முன்பு போல் நாள் முழுவதும் வண்டி மாறிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார், கிறின்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து ஐகர்கிளெட்சருக்குக் கால் மணி நேரத்தில் கொண்டுபோய்விடும், அங்கிருந்து புகையிரதம். அம்மாவுக்கு ஏதும் சரியில்லை என்றால் 2,320 மீற்றரில் இருக்கும் அந்த நிலையத்திலேயே ஒருவர் துணையாக இருக்கலாம்.

செலவு கூடியதுதான். தள்ளுபடி அட்டை ஏதும் இல்லாமல் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் போகும். சுவிஸ் கொடியோடு படம் எடுக்க வரிசையில் நிற்கும் நேரத்தையும் அந்த விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

முள்ளியவளை (லுசேர்ன்)

அண்ணா, உங்கள் அப்பாவைப் போலவே நானும் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் அணிபவன். ஆகவே இதுவரை ஒருவரும் தொடாத பக்கத்தை எழுதுகிறேன்.

மலைக்குப் போகிறோம் என்றவுடன் தம்பி அப்பாவுக்குத் தடித்த அடியுள்ள புதிய மலைச் சப்பாத்து வாங்கிக் கொடுக்க ஆசைப்படுவார். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். செயற்கைக் காலின் நேர்க்கோடு அவர் வழமையாக அணியும் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்பவே சரிசெய்யப்பட்டிருக்கும். குதி ஒரு சென்ரிமீற்றர் கூடினாலும் முழங்கால் முன்னோக்கித் தள்ளப்படும், நாள் முடிவில் மொட்டுப் பகுதி (துண்டித்த காலின் எஞ்சிய முனை) புண்ணாகிவிடும். பழைய சப்பாத்தையே அணியட்டும். வழுக்காமல் இருக்க அதன் மேல் இழுத்து மாட்டும் முள்வலை கடைகளில் கிடைக்கிறது. கைத்தடிக்கும் மடக்கக்கூடிய இரும்பு முனை வாங்கலாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகும் குளிரிலும் மொட்டின் பருமன் மாறும் என்பதால், மேலதிகமாக ஓரிரு காலுறைகளைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொட்டு பொருந்தும் கிண்ணம் தளர்ந்தால் அங்கேயே ஒன்றைக் கூட்டிப் போடலாம்.

யுங்ஃபிராவ்யோஹிலும் திற்லிஸிலும் பனிக்குள் குடைந்த குகைகள் இருக்கின்றன. அவற்றின் தரையும் பனிக்கட்டிதான். செயற்கைப் பாதத்துக்கு வழுக்கத் தொடங்குவது தெரியாது. உடல் சாய்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். அப்பா கைப்பிடியை விடாமல் ஓரமாக நடக்கட்டும், அல்லது குகையைத் தவிர்த்துவிட்டு வெளியே வெயிலில் இருக்கட்டும்.

பிலாத்துஸின் பல்சக்கரப் புகையிரதம் 1889 முதல் ஓடுகிறது. 48 வீதச் சரிவில் ஏறும் அதைவிடச் செங்குத்தான பல்சக்கரப் பாதை உலகில் இல்லை. பார்க்க அருமையானது. ஆனால் அந்தச் சரிவின் காரணமாகவே பெட்டியும் மேடையும் படிக்கட்டு வடிவில் இருக்கும். அப்பாவுக்கு அது வீண் சிரமம். ரிகிக்கு ஏறும் வண்டி அப்படியல்ல. லுசேர்ன் நிலையத்தின் வாசலில் கப்பலேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விட்ஸ்னாவில் இறங்கினால், 1871இல் ஐரோப்பாவின் முதல் மலைப் புகையிரதமாகத் தொடங்கிய வண்டி உங்களை மேலே கொண்டுபோகும். குல்ம் என்ற கடைசி நிலையத்திலிருந்து உச்சிக்கு மட்டும் ஒரு சரிவு இருக்கிறது. அதில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தோள் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனினும் உங்கள் குடும்பத்துக்கு என் தெரிவு திற்லிஸ். காரணம் உச்சியல்ல, நடுவில் இருக்கும் திரூப்சே என்ற ஏரி. மலையடியில் இருக்கும் எங்கல்பெர்க்கிலிருந்து கேபிள் கார் ஏறினால் ஏறத்தாழ 1,800 மீற்றரில் அந்த நிலையம் வரும். ஏரியைச் சுற்றிச் சமமான பாதை, இருக்கைகள், உணவகம் எல்லாம் உண்டு. அங்கே அரை மணி நேரம் எல்லோரும் இருந்து பாருங்கள். அம்மாவின் முகம் தெளிவாக இருந்தால் சேர்ந்து மேலே போகலாம். இல்லையென்றால் அம்மாவும் அப்பாவும் ஏரிக்கரையில் இருக்க, நீங்களும் தம்பியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பனியைத் தொட்டுவிட்டு வரலாம். ஸ்டான்ட் என்ற இடத்திலிருந்து உச்சிக்குப் போகும் கேபிள் கார், மேலே சேர்வதற்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். 1992இல் வந்தபோது உலகிலேயே அதுதான் முதலாவது. மேலே நூறு மீற்றர் நீளத் தொங்குபாலம் ஒன்றும் இருக்கிறது, காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். அண்மைக் காலமாக மேல்நிலையத்தில் கட்டட வேலைகள் நடப்பதால், எவை திறந்திருக்கின்றன என்பதை முதல்நாளே அவர்களின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழிருந்து ஏறும் சிறிய கேபிள் கார்கள் முழுமையாக நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். அப்பாவின் காலைக் காட்டிக் கையை உயர்த்தினால் பணியாளர் வேகத்தை இன்னும் குறைப்பார் அல்லது நிறுத்துவார். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரணைமடு வாசகன் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் மிக்க நன்றி. சப்பாத்துப் பற்றிய செய்தியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதைச் சொல்ல ஒருவன் லுசேர்னில் இருக்க வேண்டியிருக்கிறது" என்று என்னைப் பார்த்தார். அம்மாவை அடுத்த கிளினிக்கில் விசாரிக்கிறோம்.

நீங்கள் எழுதியவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: பேர்ணிலிருந்து திற்லிஸுக்குப் போவதும் ரிகிக்குப் போவதும் லுசேர்ன் வழியாகத்தான் என்பதால், காலையில் லுசேர்ன் வரை வந்து, கமராவில் திற்லிஸ் தெளிவாக இருந்தால் எங்கல்பெர்க் வண்டியிலும், உச்சி மூடியிருந்தால் ரிகிக்கான கப்பலிலும் ஏறலாம். தம்பியிடம் சொன்னேன், முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டான். அப்படியானால் பயணச்சீட்டை எப்படி வாங்குவது? சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ் நல்லதா, அரைக் கட்டண அட்டை நல்லதா?

மல்லாவியூரான் (துன்)

நல்ல முடிவு தம்பி. சுவிஸ் டிராவல் பாஸ், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் விற்கப்படுவது. 3, 4, 6, 8, 15 நாட்களுக்கு எனக் கிடைக்கும். அதில் லுசேர்ன் ஏரிக் கப்பலும் ரிகியும் முழுமையாக அடங்கும், திற்லிஸுக்கு அரைக் கட்டணம். யுங்ஃபிராவ்யோஹுக்கு மட்டும் கிறின்டெல்வால்டுக்கோ வெங்கனுக்கோ மேலே 25 வீதம்தான் குறையும், அதைத் தெரியாமல் பாஸை வாங்கிவிட்டு அங்கே போய் விழிப்பவர்கள் பலர். நீங்கள் நாள்தோறும் ஊர் ஊராகச் சுற்றப்போவதில்லை, பெரும்பாலும் தம்பியின் வீட்டில்தான் இருப்பீர்கள் என்பதால், வருகையாளர்களுக்கான ஒரு மாத அரைக் கட்டண அட்டையே உங்களுக்கும் அம்மா அப்பாவுக்கும் பொருத்தம் என்று நினைக்கிறேன். புகையிரதம், கப்பல், நீங்கள் சொல்லும் இரண்டு மலைகள் எல்லாவற்றுக்கும் பாதிக் கட்டணமாகும். தம்பியிடம் இங்கே வசிப்பவர்களுக்கான அரைக் கட்டண அட்டையான ஹல்ப்டாக்ஸ் இருக்கத்தான் செய்யும். அட்டை வாங்கும்போதே மகளுக்காகக் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் கட்டணமில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை பெற்றோருடன் புகையிரதத்திலும் கப்பலிலும் இலவசமாக வரலாம். மலை வண்டிக்கு அது செல்லுமா என்பதைச் சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மலிவாக இருக்கிறதென்று மலைக்கான சீட்டை முன்கூட்டியே திகதி போட்டு வாங்கிவிடாதீர்கள். வானிலை கெட்டுப் போனதற்காகப் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பேர்ணிலிருந்து லுசேர்ன் வரைக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லுசேர்ன் நிலையத்தில் வாங்குங்கள்.

உடுப்பைப் பற்றி ஒரு சொல்: ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லுசேர்னில் இருபது பாகை என்றால் திற்லிஸில் மூன்றோ நான்கோதான், காற்றடித்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். அம்மா சேலைதான் உடுப்பேன் என்றால் உள்ளே கம்பளிக் காற்சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்ளட்டும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் நால்வருக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும், பிள்ளையின் முகத்துக்கு வெயில் கிறீமும் பூசுங்கள். இடியப்பமோ ரோல்ஸோ கட்டிக்கொண்டு போனால் திரூப்சே ஏரிக்கரையில் இருந்து சாப்பிடலாம், மேலே உணவக விலை தம்பியின் சம்பளத்துக்குக் கட்டாது.

கேபிள் கார் ஏறும்போதே கடைசியாகக் கீழே இறங்கும் வண்டி எத்தனை மணிக்கு என்று பலகையில் பார்த்து, கைத்தொலைபேசியில் ஒரு மணி நேரம் முன்னதாக அலாரம் வைத்துவிடுங்கள். அப்பாவுக்கு அவசரமில்லாமல் நடந்துவர அந்த ஒரு மணி நேரம் தேவைப்படும்.